பேருந்துச் சில்லுக்குக் கீழே இரண்டு தேசிக்காய்

1

போன ஞாயிறு மத்தியானம் ஒரு பெரிய மனிதர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் கேக் பெட்டி, அதன்மேல் தங்கநிற நாடா. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு எப்படி நாறும் என்று இங்கே விவரித்து உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. அந்த மனிதர் மூக்கைப் பொத்தாமல் மூன்று மாடி ஏறி வந்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன் என் சூட்கேஸைக் கையால் தொட அருவருத்து, சப்பாத்துக் காலால் வாசலுக்கு வெளியே தள்ளியவர் இவர்தான்.

"சரோ, எப்படி இருக்கிறாய்?" என்று இத்தாலியனில் கேட்டார்.

வாசலை மறைக்காமல் விலகி நின்றேன், அவ்வளவுதான்.

இவர் இந்த ஊரிலுள்ள அமெரிக்கக் கால்பந்துக் கழகம் ஒன்றின் தலைவர். எல்லோரும் பிரெசிதெந்தே என்று கூப்பிடுவார்கள். அவர் ஏன் வந்தார் என்று விளங்கவேண்டுமானால் அந்தக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர்களின் வரலாறு உங்களுக்குத் தெரியவேண்டும். கழகத்தார் அதைத் தங்கள் மண்டபச் சுவரில் வரிசையாகப் படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் படங்களைத் தூசு தட்டியவள். ஆகவே என் வரலாறு கொஞ்சம் வேறுமாதிரி இருக்கும்.

"வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கோ அக்கா. பனி, தனிமை, அப்பிடி ஏதாவது" என்று உங்கள் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டிருந்தார். பலெர்மோவில் பனி கொட்டுவதில்லை. தனியாக இருந்து கவலைப்பட எனக்கு நேரமும் கிடைத்ததில்லை. என்னிடம் இருப்பது கோபம். அதைத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் ஆட்டம். நம் ஊர்ப் பந்தடி என்று நினைக்கவேண்டாம். பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூர். காலால் அடிப்பது எப்போதாவதுதான். மற்றப்படி அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவர் ஓட, எதிர்ப்பக்கத்தார் பாய்ந்து விழுத்துகிறார்கள். தலைக்குக் கம்பி போட்ட கவசம், தோளுக்குப் பலகை மாதிரி ஒரு சாமான். கொஞ்சநேரம் மோதிவிட்டு நெடுநேரம் நின்று கதைக்கிறார்கள். அந்தக் கதையை நடத்துகிறவர் தலைமைப் பயிற்சியாளர். கோச் என்பார்கள். அவர்களின் சீருடையைத் தோய்த்தவளுக்குத் தெரிந்த விதி ஒன்றே ஒன்று: வென்றால் கோச் இருப்பார், தோற்றால் போவார்.

சம்பளத்துக்கு விளையாடும் கழகம் என்று பெயர். உண்மையில் சம்பளம் அமெரிக்காவிலிருந்து வரும் கோச்சுக்கும் அவரோடு வரும் இரண்டொருவருக்கும்தான். மற்றவர்கள் பலெர்மோப் பொடியன்கள். ஒருவர் வங்கியில் வேலை, ஒருவர் மீன்கடை, ஒருவர் வக்கீலின் மகன்.

தொண்ணூற்றொன்றில் நான் அங்கே சேர்ந்தேன். அதற்கு முந்தின வருடம் என் கணவர் ஷெல்லடியில் போய்விட்டார். ஆறு வயது மகள் தர்சினியை யாழ்ப்பாணத்தில் தங்கையிடம் விட்டுவிட்டு, ஏஜென்ட் கொண்டுவந்து இறக்கிய இடத்தில் இறங்கினேன். அது பலெர்மோவாக இருந்தது. கழகத்தில் எனக்கு இரண்டு வேலை. மொண்டெல்லோவில் கோச்சுக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்த கடற்கரை வீட்டில் சமையலும் துப்புரவும். ஒரேத்தோப் பக்கத்து மைதானத்தில் சீருடை தோய்ப்பு. மைதானத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்றும் தந்தார்கள். சின்யோராக்கள் என்ற இத்தாலிய எசமாட்டிகளின் குசினி மூலையில் படுத்தெழும்பிய எங்கள் சனம், சரோவுக்கு அடிச்சது லக் என்று கதைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சூட்சுமம் பிறகுதான் விளங்கியது. கழகம் என்னைத் தன் வேலையாளாகப் பதியவில்லை. கோச்சின் வீட்டு வேலைக்காரி என்று கோச்சின் பெயரில் பதிந்திருந்தது. அவர்களுக்கு அது மலிவு. இந்த நாட்டில் வேலை தருபவர் ஒருவர் இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி. பெர்மெஸ்ஸோ ஒழுங்காக இருந்தால்தான் பெற்ற பிள்ளையைக் கூப்பிடலாம். கோச்சைக் கலைத்தால் எனக்கு வேலை தருபவர் பிளேன் ஏறிவிட்டார் என்று அர்த்தம். புது கோச் வந்து, அவருடைய கடுதாசிகள் சரிவந்து, அவர் மனம்வைத்து என்னைத் தன் பெயரில் பதிந்து, பிறகு நான் குவெஸ்தூராவில் போய் முதலிலிருந்து வரிசையில் நிற்கவேண்டும். குவெஸ்தூரா என்றால் பொலிஸ் கந்தோர். எங்கள் சனத்தில் பாதிப்பேர் இத்தாலியன் படித்தது அந்த வரிசையில்தான்.

அவர்கள் தோற்ற ஒவ்வொரு ஆட்டமும் என் பிள்ளை வரும் நாளைப் பின்னுக்குத் தள்ளியது. இதை அங்கே யாரும் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

3

முதலாவது கோச்சுக்குப் பெரிய மீசை. வந்த அன்றே எல்லோரையும் வட்டமாக நிற்பாட்டி, நெஞ்சில் குத்தி, "நாங்கள் ஒரு குடும்பம்" என்றார். வாளியும் கையுமாக நின்ற என்னையும் இழுத்து வட்டத்துக்குள் விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுவருடம் நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் காணவில்லை. மொண்டெல்லோ வீட்டுக் குளிர்ப்பெட்டி நிறைய மாட்டிறைச்சி கிடந்தது. குடும்பத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பொலிஸ்காரர் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை தருபவர் எங்கே?"

"அமெரிக்கா போய்விட்டார்."

"அப்படியென்றால் நீயும் அமெரிக்கா போய்ப் புதுப்பி."

வரிசையே சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த வரிசையில் சிரிக்க வேறென்ன கிடைக்கும்.

இரண்டாமவர் ஆட்டத்துக்கு முன் முழங்காலில் நின்று செபம் பண்ணுகிறவர். சத்தம் போடமாட்டார், என் சமையலைக் குறை சொல்லமாட்டார். இவர் நிலைப்பார் என்று நம்பி, மகளுக்கு வரும் வருடம் கூப்பிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குத் தன் நாட்டில் இதைவிட நல்ல இடம் கிடைத்தது. வீட்டுத் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார். கடவுளிடம் அவ்வளவு கதைத்த மனிதருக்கு என்னிடம் ஒரு சொல் சொல்ல நேரம் இருக்கவில்லை.

மூன்றாமவர் கத்துகிறவர். பிளாஸ்டிக் கதிரையை உதைத்து உடைப்பார். மூன்று ஆட்டத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் என்னைப் பதிந்த கடுதாசியோடு நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார் என்று பிறகு கணக்குப் பார்த்தேன். புது ஆள் கிடைக்காமல் அந்த வருடம் முழுவதும் உதவிப் பயிற்சியாளரை வைத்து ஓட்டினார்கள். சட்டப்படி நான் ஒரு இல்லாத மனிதரின் வேலைக்காரியாக இருந்தேன். சீருடையில் ஊத்தை மட்டும் குறையவில்லை.

அங்கே தர்சினி வளர்ந்துகொண்டிருந்தாள். கசெட்டில் குரல் பதிந்து அனுப்புவார்கள். முதல் கசெட்டில் "அம்மா, எப்ப வருவீங்கள்?" என்று கேட்டவள், மூன்றாவதில் பக்கத்திலிருந்த தங்கையிடம், "அம்மா, இவவுக்கு இன்னும் என்ன சொல்ல?" என்று கேட்டாள். தங்கைதான் அம்மா. நான் இவ. அதை ஒருமுறைதான் போட்டுக் கேட்டேன்.

4

நாலாமவரைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். மற்றவர்கள் மோசமானவர்கள், அவர்களைத் திட்டுவது சுலபம். இவர் நல்லவர்.

முப்பது வயது இருக்கும். என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிய ஒரே கோச். தான் குடித்த கோப்பையைத் தானே கழுவுவார். பிள்ளையின் படத்தைக் காட்டியதும் விசாரித்து, தன் பெயரில் பதிந்து, குவெஸ்தூராவுக்கு என்னோடு வந்து வரிசையில் நின்றார். அமெரிக்கர் ஒருவர் பக்கத்தில் நின்றதும் அதே பொலிஸ்காரர் என்னை மரியாதையாக 'சின்யோரா' என்று கூப்பிட்டார். பிள்ளையைக் கூப்பிடும் விண்ணப்பம் உள்ளே போனது. வேலைக்குக் கோச்சின் கையெழுத்து, வீட்டுக்குப் பிரெசிதெந்தேயின் கையெழுத்து. முதல் வருடம் கழகம் நன்றாக வென்றது. அவரை மறுவருடத்துக்கும் வைத்துக்கொண்டார்கள்.

அது தொண்ணூற்றைந்து. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தத் தையில் சண்டை நின்றிருந்தது. பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிவரத் தங்கை ஆயத்தமாக இருந்தாள். இங்கே விண்ணப்பம் முடிகிற கட்டம். கடைசியாக ஒருமுறை கோச் வந்து, ஓம், இவள் இன்னும் என்னிடம்தான் வேலை செய்கிறாள் என்று சொன்னால் சரி. நாளும் தந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கழகம் தோற்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த ஆட்டம் கடல்கடந்து மேலே, நாப்போலிப் பக்கம். அதிலும் தோற்றால் கோச்சை அனுப்பிவிடுவேன் என்று பிரெசிதெந்தே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். குவெஸ்தூரா நாள் அந்த ஆட்டத்துக்கு அடுத்த வியாழன்.

நான் என்ன செய்வேன்? பந்தை நான் எறிய முடியாது. எங்கள் சனம் ஞாயிறுகளில் பெல்லக்ரீனோ மலையில் ஏறி, இந்த ஊரைக் காக்கிற புனிதையான சாந்தா ரோசாலியாவைக் கும்பிடுவது வழக்கம். கதிர்காமத்துக்குப் போகிறமாதிரிச் சைவக்காரரும் போவார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, அந்தத் தாயிடம் அமெரிக்கக் கால்பந்துக்கு நேர்த்தி வைத்தேன். மன்னாரிலிருந்து வந்த மேரியக்கா, மாதா கோயிலில் பூக்கட்டுகிறவர், இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனடி சரோ, எங்கடை ஆக்களுக்குப் பெர்மெஸ்ஸோ வாங்கிக் குடுக்கவே ரோசாலியாவுக்கு நேரமில்லை. நீ பந்தடியையும் கொண்டுபோய்த் தலையிலை வைச்சிட்டியே" என்றார்.

5

ஆட்டத்துக்குப் போகும் பேருந்து சனிக்கிழமை காலை மைதானத்திலிருந்து புறப்பட்டது. ஊரில் தூரப் பயணம் போகிற எந்த வாகனமானாலும் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்காமல் எடுப்போமா? அரசாங்கத்து சி.டி.பி. பஸ்ஸுக்கே வைப்போம். வழியில் ஆபத்து வரக்கூடாது, கண்ணூறு கழியவேண்டும், போன காரியம் சரிவரவேண்டும். பலெர்மோத் தேசிக்காய் பெரிசு. நல்ல காயாக இரண்டு எடுத்து, பாதியாக வெட்டிக் குங்குமம் தடவி, பொருத்திக் கொண்டுபோனேன்.

இடது சில்லுக்கு ஒன்றை வைக்கும்போது கோச் வந்துவிட்டார். என்ன இது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "நல்லதுக்கு. எங்கள் ஊரில் வழிக்குக் காவல்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "மற்றதை நான் வைக்கிறேன், எனக்குத்தானே இன்றைக்குக் காவல் வேண்டும்" என்று கையை நீட்டி வாங்கினார். சுற்றிப்போய், குனிந்து, வலது சில்லுக்குக் கீழே தானே வைத்தார். இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நான் கண்ணால் கண்டது.

பேருந்து, கப்பல் ஏறும் மெஸ்ஸினாத் துறைமுகத்துக்கு முன்னால் பழுதாகி நின்றது. ஆட்டத்தில் பந்து எறிகிற அமெரிக்கப் பொடியனுக்குத் தோள் மூட்டு விலகியது. படுதோல்வி. திரும்பி வந்து சில்லைப் பார்த்த சாரதி, இரட்டைச் சில்லுக்கு நடுவில் நசுங்கிச் சிவப்பாக ஒட்டிக்கிடந்ததைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரியாதது இதுதான். நமக்குக் காவல் காக்கிற தேசிக்காய் இந்தச் சிசிலிக்காரருக்குச் செய்வினைச் சாமான். ஒருவரைக் கெடுக்க நினைத்தால் தேசிக்காயில் ஊசி குத்திச் சிவப்பு நூல் சுற்றி வைப்பார்களாம். ஃபத்தூரா என்று பெயர். கேட்கவே பயப்படுவார்கள். படித்தவர், படியாதவர் எல்லோரும்தான்.

திங்கட்கிழமை தோய்க்கிற அறைக்கு மூன்று பேர் வந்தார்கள். பிரெசிதெந்தே, சாரதி, கோச். சாரதி ஒரு பிளாஸ்டிக் பையைத் தூரப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதை உன்னிடம் செய்யச் சொன்னது யார்? எந்தக் கழகம்?" என்று பிரெசிதெந்தே கேட்டார்.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் கொட்டிச் சொன்னேன். இது நல்லது, இது ஆசீர்வாதம், எங்கள் ஊரில் கோயில் தேருக்கும் வைப்போம் என்றேன். அவர் பையைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். "இரத்தம் தடவி ஆசீர்வாதமா?" என்றார்.

நான் கோச்சைப் பார்த்தேன். "நீங்கள் சொல்லுங்கள். மற்றதை நீங்கள்தானே வைத்தீர்கள்."

கோச் தோளைக் குலுக்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரை அனுப்புவது என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நல்லபடியாகப் பிரிந்தால் நல்ல சான்றிதழ், அடுத்த ஊரில் அடுத்த கழகம். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வியாழக்கிழமை குவெஸ்தூராவுக்கு வந்திருந்தாலும் போதும். புதன்கிழமை அவர் போய்விட்டார்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே என் சூட்கேஸ் வெளியே போனது. மோசமான மூன்று பேரும் எனக்குச் செய்யாததை அந்த நல்லவர் செய்துவிட்டுப் போனார். சுவரில் அவருடைய படத்தைப் போய்ப் பாருங்கள், சிரித்துக்கொண்டு நிற்பார். கீழே அவர் வென்ற ஆட்டங்களையும் எழுதியிருக்கிறார்கள்.

6

மேரியக்கா கால்சாவில் தன் அறையில் எனக்கு இடம் தந்தார். விண்ணப்பம் குப்பைக்குப் போனது. வேலையும் இல்லை, வீடும் இல்லை, யாரைக் கூப்பிடுவது? சித்திரையில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. பாதை மூடியது. பிறகு ஐப்பசி வந்தது.

அந்த ஐப்பசி எப்படி இருந்தது என்று நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் முழுவதும் ஊரைவிட்டு ஒரே றோட்டில் மழையோடு நடந்தபோது நீங்கள் நடந்தீர்கள், நான் நடக்கவில்லை. என் பிள்ளை நடந்தாள். பதினொரு வயதில், தலையில் ஒரு சட்டி முட்டி மூட்டையோடு, நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டு, தங்கையின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் அப்போது பலெர்மோவில் ஒரு சின்யோராவின் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், பத்துக் குடும்பத்துக்கு நடுவில், அவள் பெரியபிள்ளை ஆனாள். தண்ணீர் வார்க்க மறைப்புக்கு நாலு பெண்கள் சீலை பிடித்து நின்றார்களாம். இதை எனக்குச் சொன்னவர் கொழும்புக்கு வந்த யாரோ ஒரு தெரியாத ஆம்பிளை. டெலிபோனில் வெட்கப்பட்டுத் தொண்டையைச் செருமி, "பிள்ளை பெரிசாயிட்டுதாம் அக்கா. உங்கடை தங்கச்சி சொல்லச் சொன்னவ" என்றார். நன்றி தம்பி என்று சொல்லி வைத்தேன்.

அந்த நேரம் இங்கே அரசாங்கம் கடுதாசி இல்லாதவர்களை மறுபடி பதிந்தது. எனக்கும் ஒரு சின்யோரா கையெழுத்து வைத்தார். அப்படியும் தர்சினி வந்திறங்கத் தொண்ணூற்றேழு ஆகிவிட்டது. விமான நிலையத்தில் என்னைப் புது ரீச்சரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் சந்தைக்காரர்களே திகைக்கிற சிசிலியன் கதைக்கிறாள். தமிழ் அளந்துதான் வரும். என்னை 'அம்மா' என்று கூப்பிடவேமாட்டாள். "இஞ்சை", "கேட்டதோ", "சாப்பாடு போடட்டோ" என்று, கூப்பிடாமலே ஒரு நாள் முழுவதையும் ஓட்டக்கூடிய கெட்டிக்காரி.

ஒருநாள் வாய்த்தர்க்கத்தில் கேட்டுவிட்டாள். "எல்லாற்றை அம்மாக்களும் பிள்ளையளைக் கூப்பிட்டவை. நாங்கள் நடக்கேக்கை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

என்னவென்று சொல்வது? அமெரிக்கர்கள் தோற்றதால், ஒரு தேசிக்காயால் என்றா? எனக்கே அது சாட்டுப்போலக் கேட்டது. பிறகு இந்த வருடம் பள்ளிக்கூடச் சிநேகிதன் கொடுத்தான் என்று அந்தக் கழகத்தின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அதைப் பறித்து யன்னலால் எறிந்தேன். இவவுக்கு விசர் என்று சிசிலியனில் யாருக்கோ டெலிபோனில் சொன்னாள். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

7

இனிப் போன ஞாயிறு. பிரெசிதெந்தேயைக் கதிரையில் இருத்தினேன். கேக்கை மேசையில் வைத்தார். எனக்கு இத்தாலியன் இப்போது நன்றாகவே வரும். ஆனால் அவரைக் கண்டதும் ஒரு முடிவு எடுத்தேன். இந்த மனிதரோடு இவருடைய மொழியில் ஒரு சொல்லும் கதைப்பதில்லை. அன்றைக்கு அவ்வளவையும் கொட்டிச் சொன்னேன், கேட்டாரா? இன்றைக்கு அவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கட்டும்.

"தர்சினி, இஞ்சை வா. இவர் ஏதோ கேக்க வந்திருக்கிறார்."

அவள் அறைக்குள்ளிருந்து வேண்டாவெறுப்பாக வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்துத்தான் கதைக்கத் தொடங்கினார். எனக்குப் பிறகு மூன்று கோச் வந்து போய்விட்டார்கள். ஐந்தாமவருக்கு வந்த கிழமையே கால் முறிந்தது. ஆறாமவரின் மனைவி அழுது அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஏழாமவர் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. வரும் தையில் எட்டாமவர் அமெரிக்காவிலிருந்து வருகிறார். ஆனால் ஆட்டக்காரர்கள் அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்று நிற்கிறார்களாம். தமிழச்சியின் ஃபத்தூரா இன்னும் கழகத்தின்மேல் கிடக்கிறதாம். வைத்தவள்தான் எடுக்கவேண்டுமாம்.

"நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை" என்று சொல்லிக்கொண்டே கண்ணூறுக்குக் காவலாகத் திறப்புக் கோர்வையில் தொங்கிய சிவப்புக் கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

தர்சினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன ஃபத்தூரா என்று அவரிடமே கேட்டாள். அவர் ஆதியிலிருந்து சொன்னார். தேசிக்காய், பேருந்து, சாரதியின் பை எல்லாம். அவளைத் தன் பக்கம் எடுக்க நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டு, "உன்னைக் கூப்பிடக் கடுதாசி எல்லாம் முடிகிற நேரம் அது. அந்தக் கிழமைதான் கடைசிக் கையெழுத்து. எனக்கும் தெரியும். நானும் ஒரு தகப்பன். ஆனால் அன்றைக்கு எல்லோரும் பயந்துபோயிருந்தோம், வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. இப்போது கழகத்தின் பெயரிலேயே வேலை தருகிறேன். நல்ல வேலை. அம்மாவிடம் சொல்" என்றார்.

தர்சினி சுவரிலிருந்து நிமிர்ந்தாள். என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"இது எந்த வருசம்?"

"தொண்ணூத்தைஞ்சு."

"நாங்கள் நடந்த வருசமோ?"

"ஓம். அதுக்கு முன்னம், பங்குனி. நீ வைகாசியிலை வந்திருக்க வேணும்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அழுகை வந்தது, அந்த மனிதருக்கு முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்றார்.

"சொல்லு பிள்ளை" என்றேன். "நான் செய்வினை செய்யேல்லை. அது வழிக்குக் காவலா வைச்சது. இருந்தாத்தானே எடுக்கிறதுக்கு. இவற்றை வேலையும் எனக்கு வேண்டாம். அதை மட்டும் சொல்லு."

தர்சினி தலையாட்டினாள். அவர் பக்கம் திரும்பி, சந்தையில் மீன் விற்கிறவர்களின் சிசிலியனில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்கு அந்த மொழியும் விளங்கும்.

"அம்மா சொல்கிறாள், வைத்தது தான்தானாம். நன்றாகத் தெரிந்துதான் வைத்தாளாம். எடுக்கமாட்டாளாம். எத்தனை கோச்சைக் கொண்டுவந்தாலும் அது அங்கேயே கிடக்குமாம்."

அவருடைய முகம் வெளிறிவிட்டது. எனக்கு இத்தாலியன் தெரியும் என்று அவருக்குத் தெரியும். மகளை விட்டுவிட்டு நேரே என்னிடம் கேட்டார். "சரோ, உண்மையா இது?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான்கு வருடமாக, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் இல்லை என்றுதான் சொல்லிவந்தேன். அன்றைக்கு முதல்முறையாக அவருடைய மொழியில் வாய் திறந்தேன்.

"பிள்ளை சொன்னதுதான்" என்றேன்.

அவர் எழுந்து, கதிரையில் முட்டி, கொம்பை விடாமல் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கேக்கை எடுத்துப்போக மறந்துவிட்டார். கீழே கதவு அடிபட்டுச் சாத்துகிற சத்தம் கேட்டது. பொய் சொன்னதுக்கு எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

தர்சினி மேசைக்குப் போய்ப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். தங்கநிற நாடாவின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"அம்மா, கத்தி எங்கை?" என்று கேட்டாள்.

"மேசை லாச்சிக்குள்ளை" என்றேன்.